பிள்ளைகளை ஏற்றுவதற்காகக் கட்டிய படகு



பாய்ப்படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் யார் என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால், எமது பிள்ளைகளில் இரண்டு மூன்று பேராவது சரியாகச் சொல்லிவிடுவார்கள். கப்டன் ஜோசுவா ஸ்லோகம். படகின் பெயர் ஸ்பிரே. 1895 முதல் 1898 வரை. அத்தோடு அந்த மனிதரின் கதை முடிந்துவிடும்.

ஆனால் ஸ்பிரே புறப்படுவதற்கு ஏழு வருடங்களுக்கு முன்னர் அவர் இன்னொரு படகைக் கட்டியிருந்தார். பிரேசில் நாட்டின் ஒரு காட்டுக் கரையில், உடைந்த கப்பலின் மிச்சத்தையும் வெட்டிய மரத்தையும் வைத்துக் கட்டிய படகு அது. அதில் அவர் தனியாகப் போகவில்லை. மனைவி ஹெட்டி, பதினாறு வயது விக்டர், ஏழு வயது கார்பீல்ட் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு 5,500 மைலுக்கு மேல் கடலில் வந்தார். நூஹ் நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த எமக்கு, குடும்பத்தை ஏற்றுவதற்காகக் கரையில் கப்பல் கட்டும் மனிதர் புதியவர் அல்ல. என்றாலும் இந்தக் கதையை ஊரில் அதிகம் பேர் கேட்டிருக்கமாட்டீர்கள் என்றுதான் எழுதுகிறோம்.

எங்களைக் கேட்டால், ஸ்பிரேயை விட இதுதான் பெரிய வேலை. தனியே போகிறவன் தன் உயிரை மட்டும் வைத்துக் கணக்குப் போடலாம். பிள்ளைகளை ஏற்றப்போகிறவன் போடும் கணக்கு வேறு. அடிப்பலகைக்கு எந்த மரம், பாயை எப்படிக் கட்டுவது, தண்ணீர் எவ்வளவு என்று இந்தப் படகின் ஒவ்வொரு முடிவிலும் அந்தக் கணக்கு தெரிகிறது.

முதலில் அவர் எப்படி அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

ஸ்லோகம் 1844 இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கடலுக்குப் போய், படிப்படியாகக் கப்டன் ஆனவர். அவர் வெறும் மாலுமியும் அல்ல. 1870களில் பிலிப்பைன்சின் சுபிக் குடாவில் ஒரு நீராவிக் கப்பலின் உடலைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். சீனக் கடலிலும் ஜப்பான் பக்கமும் பல வருடங்கள் ஓடியிருக்கிறார். முதல் மனைவி வேர்ஜீனியா அவரோடு கப்பலிலேயே வாழ்ந்தவர், பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்தவர். 1884 இல் புவெனஸ் அயர்சில் அக்குயிட்னெக் என்ற கப்பலில் இருந்தபோது அவர் காலமானார். 1886 இல் ஸ்லோகம் உறவுக்காரப் பெண்ணான ஹெட்டியை மணந்தார். ஹெட்டிக்கு அப்போது 24 வயது. அவருக்கு 42. மணமுடித்த சூட்டோடு அதே அக்குயிட்னெக்கில் தென்னமெரிக்காவுக்குப் பயணம். நான்கு பிள்ளைகளில் நடு இருவர் உறவினர் வீட்டில் தங்கிவிட்டார்கள். மூத்தவன் விக்டரும் கடைசி மகன் கார்பீல்டும் கூடப் போனார்கள்.

அந்தப் பயணம் தொடங்கியதிலிருந்து ஒன்றும் சரிவரவில்லை. ஆர்ஜென்டினாவில் கொலரா பரவியதால், அங்கிருந்து வைக்கோல் ஏற்றி வந்த கப்பலைப் பிரேசில் துறைமுகம் ஏற்கவில்லை. தனிமைப்படுத்தல் என்றால் என்னவென்று கொரோனாக் காலத்தில் பார்த்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. சரக்கோடு மாதக்கணக்கில் கிடந்ததில் பணம் கரைந்தது. 1887 ஜூலையில் ஓர் இரவு புதிதாகச் சேர்ந்த மாலுமிகள் சிலர் அவரைத் தாக்க வந்தார்கள். மேல்தட்டில் சத்தம் கேட்டு அவரை எழுப்பியது ஹெட்டி. ஸ்லோகம் சுட்டதில் ஒருவர் இறந்தார், ஒருவர் காயப்பட்டார். பிரேசில் நீதிமன்றம் தற்காப்பு என்று சொல்லி அவரை விடுவித்தது. அவருடைய கதையை வீரக்கதையாக மட்டும் சொல்பவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். ஆனால் அவர் நல்ல கப்பலோட்டி என்பதோடு கடுமையான மனிதராகவும் இருந்தார் என்பதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. பிறகு கப்பலில் பெரியம்மை வந்தது, மாலுமிகள் சிலர் இறந்தார்கள், கப்பலைச் சுத்திகரிக்க இன்னும் செலவு.

1887 டிசம்பர் கடைசியில் பரனகுவா குடாவில் மரம் ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது, காற்றும் நீரோட்டமும் சேர்ந்து கப்பலை மணல்மேட்டில் ஏற்றிவிட்டன. அலை அடித்து அடித்து முதுகெலும்பு உடைந்தது. காப்புறுதி இல்லை. மிச்சத்தை விற்று மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுத்தபின் குடும்பத்தின் கையில் அதிகம் எதுவும் இருக்கவில்லை.

யாருடைய தயவிலாவது நீராவிக் கப்பல் ஏறி ஊர் திரும்பியிருக்கலாம். அவர் அதை விரும்பவில்லை. தாங்களே கட்டிய படகில் ஊர் போவோம் என்று முடிவெடுத்தார்கள். இது பெருமைக்கு எடுத்த முடிவா, பிள்ளைகளின் உயிரோடு விளையாடிய முடிவா என்று எமது வகுப்பில் ஒரு விவாதமே நடந்தது. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவது பக்கம் நின்றார்கள். படகைப் பற்றிய விபரங்களைப் பார்த்தபின் அவர்களில் பலர் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். ஆகவே விபரங்களுக்குப் போவோம்.

படகின் நீளம் 35 அடி, அகலம் ஏழரை அடி, உள் ஆழம் 3 அடி. ஒரு பெரிய பஸ்ஸின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் அந்த பஸ்ஸை விடச் சற்றுக் குறைவு. உட்பக்கம் மேசை உயரம்தான். இதற்குள் நால்வர் படுத்து, சமைத்து, அத்திலாந்திக்கில் மாதக்கணக்கில் வர வேண்டும்.

வடிவத்துக்கு அவர் இரண்டு படகுகளை எடுத்துக்கொண்டார். ஒன்று, அமெரிக்காவின் கேப் ஆன் கரையில் மீனவர்கள் பாவிக்கும் டோரி. அடி தட்டையாக இருக்கும். பக்கங்கள் மேலே போகப்போக விரியும். டோரியின் குணம் என்னவென்றால், வெறுமையாக இருக்கும்போது ஆடும். பாரம் ஏற ஏற நிதானம் வரும். பலகையைப் பெரிதாக வளைக்கத் தேவையில்லாததால், குறைந்த கருவியோடு கட்டுகிறவனுக்கு ஏற்றது. மற்றது ஜப்பானியச் சம்பான். அதன் புகைப்படம் ஒன்று அவர் கையில் இருந்தது. சம்பான் என்ற சொல் எமது கரையோரத்துப் பழைய ஆட்களுக்கும் புதிதல்ல. தட்டையான அடி என்பதால் படகு அதிக ஆழம் கேட்காது. புயல் வந்தால் சின்ன ஆற்றுவாய்க்குள்ளும் ஒதுங்கலாம். குடும்பத்தோடு போகிறவனுக்கு இது சின்ன விடயமல்ல. பெரிய கப்பல்கள் நுழைய முடியாத இடமெல்லாம் இந்தப் படகுக்குத் துறைமுகம்.

மரம் தெரிந்த விதம்தான் எங்களை மிகவும் கவர்ந்தது. அடிப்பலகைக்கு இரும்பு மரம் என்று சொல்லப்படும் கன மரம். எமது நாக மரத்துக்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உண்டு, ஆனால் இது வேறு மரம். ஒன்றேகால் அங்குலத் தடிப்பு, பத்து அங்குல அகலப் பலகை. கல்லைப் போன்ற பாரம். பக்கங்களுக்கும் மேலுக்கும் சிவப்பு சீடர். இலேசானது, வளைந்து கொடுக்கும். இரண்டு பலகைகளைத் தவிர மற்றவை எல்லாம் படகின் முழு நீளத்துக்கும் ஒரே துண்டு. பாரம் கீழே, இலேசு மேலே. அலை சரித்தாலும் அடிப்பாரம் நிமிர்த்த முயலும். ஈர்ப்பு மையம் என்று விஞ்ஞான பாடத்தில் படிக்கும் அதே விடயத்தை அவர் கோடரியால் செய்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. படகின் இரு பக்கமும் பெரிய மூங்கில்களைக் கட்டினார். மூங்கிலின் கணுக்களுக்கிடையே காற்று அடைபட்டிருக்கும். கவிழ்ந்தாலும் படகு தானே நிமிர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இந்த ஏழு வயதுப் பிள்ளை இருக்கும் படகில் அந்த மூங்கில்தான் உயிர்க்காப்பு அங்கி.

பாய் விடயத்தில் சீன முறையை எடுத்தார். குறுக்கே மூங்கில் தண்டுகள் கோத்த பாய். இது ஏன் குடும்பத்துக்குப் பொருத்தம் என்றால், காற்று கூடும்போது கயிற்றைத் தளர்த்தினால் பாய் தட்டித் தட்டியாக மடிந்து இறங்கும். ஒருவர் மேலே ஏற வேண்டியதில்லை, நாலு தடியர்கள் சேர்ந்து இழுக்க வேண்டியதுமில்லை. ஒரு தட்டி கிழிந்தால் அந்தக் கிழிசல் பாய் முழுக்கப் போகாது. மேற்கத்தியக் கப்பல்களிலேயே வாழ்நாளைக் கழித்தவர் சீன மீனவனின் பாய்தான் உலகத்திலேயே வசதியானது என்று தன் புத்தகத்தில் ஒத்துக்கொள்கிறார். அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கப்டன் ஒருவர் இப்படி எழுதுவது இலேசான காரியமல்ல.

கருவிகளின் பட்டியலை ஓடாவி வேலை தெரிந்தவர்கள் கவனித்துப் படியுங்கள். ஒரு கோடரி, ஒரு வாச்சி, இரண்டு வாள், துளையிட ஒரு துறப்பணமும் இரண்டு அலகும். பாய் தைக்கும் பெரிய ஊசிகள் இரண்டை ஆணித்துளை போடும் ஊசியாக மாற்றினார்கள். எல்லாவற்றையும் விடப் பெறுமதியானது ஓர் அரம். கரையொதுங்கிய பழைய பாய்ப்பை ஒன்றுக்குள் கிடைத்தது. மூலைமட்டம் தாங்களே செய்தது. கவராயத்துக்கு இரண்டு மூங்கில் சிம்பு. நூல் அடிக்கச் சுண்ணாம்பு இல்லை, கரியை மாவாக இடித்துத் தண்ணீரில் கரைத்தார்கள். பெரிய துளை வேண்டிய இடத்தில் இரும்புக் கம்பியைக் காய்ச்சிச் சுட்டே துளைத்தார்கள். பலகையை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் இல்லை. வளைந்த கொய்யாக் கொப்பிலும் மசரந்துபா என்ற மரத்திலும் செய்துகொண்டார்கள். மசரந்துபா வேறொன்றுமில்லை, எமது பாலை மரத்தின் சொந்தக்காரன். இரண்டும் ஒரே பேரினம். மிகக் கடினமான மரங்களில் வாளே வைக்கவில்லை, கோடரியால் மட்டும் செதுக்கினார்கள். ஏனென்றால் வாள் மழுங்கினால் தீட்ட இருப்பது அந்த ஒரே அரம். கோடரியும் வாச்சியும் மழுங்கினால் பக்கத்து ஓடையில் கல்லுக்குப் பஞ்சமில்லை.

ஆணிக்கு என்ன செய்தார்கள்? உடைந்த கப்பலின் கதவுக் கீல், ஜன்னல் கீல் எல்லாம் கழற்றினார்கள். கப்பலின் அடியைப் போர்த்தியிருந்த உலோகத் தகட்டை ஊரவர்கள் உருக்கி ஆணியாக வார்த்துக் கொடுத்தார்கள். சுத்தமான செம்பாணி பத்துக் கிலோ வாங்கினார். விலை, ஒரு கிலோ ஆணிக்கு இரண்டு கிலோ செம்புக் காசு. அதே காசுகளை வெட்டித் துளையிட்டு ஆணிக்கு வாசராகப் போட்டார்கள். நீளமாக இருந்த ஆணியை வெட்டினால் வெட்டிய துண்டையும் எறியாமல் திரும்ப உருக்கினார்கள். இடையில் காட்டுக் காய்ச்சல் வேறு. ஞாயிறுகளில் வேலை இல்லை. அன்று செய்ததைப் பார்த்து, அடுத்த கிழமைக்குக் கணக்குப் போடுவார்கள்.

வேலை நால்வருக்கும் பங்காக இருந்தது. விக்டர் தச்சுவேலையும் கயிறு திரிப்பதும். கார்பீல்ட் ஆணியின் மறுபக்கம் சுத்தியலை அண்டக் கொடுத்துப் பிடிப்பான், கூடவே பயணத்தைப் பற்றி நிறைய ஆலோசனையும் சொல்வானாம். பாய்கள் முழுவதையும் தைத்தவர் ஹெட்டி. ஸ்லோகம் தன் புத்தகத்தில் அதைப் பாராட்டுகிறார். ஆனால் அந்தப் புத்தகத்தில் மனைவி பெரும்பாலும் 'மேடம்' என்றுதான் வருகிறார். கட்டிய பாய்க்கும் சமைத்த சோற்றுக்கும் பெயர் சேராத உம்மாமாரைப் பார்த்துப் பழகிய எமக்கு இது உறுத்தியது. ஆகவேதான் இந்தப் பதிவில் ஹெட்டியின் பெயரை வேண்டுமென்றே அடிக்கடி எழுதுகிறோம்.

1888 மே 13. கப்பல் உடைந்து ஐந்து மாதமும் ஆகவில்லை, படகு தண்ணீரில் இறங்கியது. அதே நாளில்தான் பிரேசிலில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தில் இளவரசி இசபெல் கையெழுத்திட்டார். அமெரிக்கக் கண்டத்தில் அடிமைமுறையைக் கடைசியாகக் கைவிட்ட நாடு பிரேசில். அந்த நாளின் பெயரால் படகுக்கு லிபர்டாடே என்று பெயர் வைத்தார்கள். போர்த்துக்கேய மொழியில் விடுதலை.

புறப்படப் பத்திரம் வேண்டுமே. இப்படியொரு படகுக்கு வெளிநாடு போக யார் அனுமதி கொடுப்பார்கள்? கடைசியில் கிடைத்தது மீன்பிடி அனுமதிப்பத்திரம். துறைமுக வாயிலுக்கு உள்ளேயும் வெளியேயும் மீன் பிடிக்கலாம் என்று அதில் இருந்தது. 'வெளியே' என்றால் எவ்வளவு தூரம் என்று அதில் இல்லை. ஸ்லோகம் அதை அமெரிக்கா வரைக்கும் என்று எடுத்துக்கொண்டார்!

ஏற்றிய சாமான்களில் சிலவற்றைத் தருகிறோம். பிஸ்கட் 120 இறாத்தல், மா 25, சீனி 30, உலர்த்திய மாட்டிறைச்சி 100, கருவாடு 20, கோப்பி 9, தேயிலை 3. இரண்டு போத்தல் தேன், 200 தோடம்பழம், ஆறு வாழைக்குலை, ஒரு டசின் கரும்பு. தண்ணீர் 120 கலன், அதாவது ஏறத்தாழ 450 லீற்றர். பிள்ளைகளோடு கணக்குப் பார்த்தோம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் வைத்தாலும் 22 நாளைக்குக் காணும். அவர்களின் மிக நீண்ட ஓட்டம், பெர்னம்புகோவிலிருந்து பார்படோஸ் வரை, 19 நாள். மருந்துப் பெட்டியில் இருந்தவை மூன்றே மூன்று. பிரேசில் கொட்டை, மிளகு, கறுவா. கறுவாவைக் கண்டதும் வகுப்பில் ஒரே சிரிப்பு.

ஜூன் 24 அன்று பரனகுவாவை விட்டார்கள். முதல் புயலே பாடம் சொல்லிக் கொடுத்தது. பழைய துணியில் தைத்த பாய்கள் கிழிந்து போயின. படகின் உடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாந்தோசுக்குள் ஒதுங்கி, அங்கிருந்து ஃபினான்ஸ் என்ற நீராவிக் கப்பல் ரியோவுக்கு இழுத்துக்கொண்டு போனது. அந்த வேகத்தில் இழுபடுவது புயலை விடப் பயங்கரம். ஏதும் பிசகினால் கயிற்றை வெட்டிவிட விக்டர் கோடரியோடு அணியத்தில் நின்றான். பதினாறு வயதுப் பையன் கையில் அவ்வளவு பெரிய பொறுப்பு. ரியோவில் புதுப் பாய்கள். அதன்பிறகு ஒரு திமிங்கிலம் அடியில் எழும்பி உரசிவிட்டுப் போனதும் உண்டு. பாஹியா, பெர்னம்புகோ, பார்படோஸ், புவேர்டோ ரிக்கோ என்று தங்கித் தங்கி வந்து, ஒக்டோபர் 28 அன்று தென் கரோலினாக் கரையைப் பிடித்தார்கள். 5,510 மைல். கடலில் ஓடிய நாட்கள் 53. நாளொன்றுக்குச் சராசரி நூறு மைலுக்கு மேல். பிறகு ஆறுகளும் கால்வாய்களுமாக உள்வழியாகவே வடக்கே போய், டிசம்பர் 27 அன்று தலைநகர் வொஷிங்டனை அடைந்தார்கள். தட்டையான அடி இல்லாவிட்டால் அந்த உள்வழி கிடைத்திருக்காது.

நால்வரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

1890 இல் ஸ்லோகம் இந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். பெரிதாக விற்கவில்லை. பிறகு பழைய ஸ்பிரேயைப் புதிதாகக் கட்டியெழுப்பி, அதில் தனியே உலகைச் சுற்றி வந்து புகழ் பெற்றார். 1909 இல் அதே படகில் தனியே போனவர் திரும்பவில்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஹெட்டி லிபர்டாடேக்குப் பின் அவரோடு நெடுங்கடல் பயணம் போகவே இல்லை. விக்டரும் கடலோடியாகி, முதுமையில் வாப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அது 1950 இல் வெளிவந்தது.

இப்போது ஊர்க்காரர்களிடம் ஓர் உதவி. இந்தப் பாடத்தை நடத்தும்போது வாச்சி, அணியம், வங்கு, கலப்பத்து என்று சொல்லிக்கொண்டு போனோம். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அவர்கள் கண்டதெல்லாம் பைபர் போட். சிங்கள அயலவர்கள் எம்மை மரக்கல ஆட்கள் என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது, மரக்கலத்தின் உறுப்புகளுக்குப் பெயர் சொல்ல இன்று எமக்கு ஆளில்லை. எமது பக்கத்தில் மரத்தோணி கட்டிய ஓடாவிமார் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அல்லது மூத்தாப்பா யாரிடமாவது கேட்டறிந்திருந்தால், எந்த மரம் பாவித்தார்கள், அடிக்கு எது, பக்கத்துக்கு எது, ஆணியா கயிறா, ஒவ்வோர் உறுப்புக்கும் என்ன பெயர் என்று எழுதி அனுப்புங்கள். பழைய வாச்சியோ துறப்பணமோ வீட்டில் கிடந்தால் ஒரு கிழமைக்குப் பாடசாலைக்கு இரவல் தாருங்கள். தரம் 10 பிள்ளைகளின் ஒப்படை அதைப் பற்றித்தான்.